கலங்கரை விளக்கின் பெயர் பெற்ற கல்



இரயில் பாதையே இல்லாத தீவில் இரயில்வே எழுத்தருக்கு என்ன வேலை என்று ஊரிலிருந்து வரும் உறவினர் ஒவ்வொருவரும் நம்மை வினவுவதுண்டு. விடை எளிது. இங்கிருந்து கப்பலிலோ விமானத்திலோ சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் செல்வோர், அங்கே இறங்கியபின் தத்தம் ஊர்களுக்குச் செல்ல இடம் வேண்டுமன்றோ? அவ்விடத்தை முன்கூட்டியே பதிந்து தருவது நமது வேலை. நாம் எழுதித்தரும் வண்டிகளின் சக்கரவொலி நம் காதில் விழுவதில்லை. எனினும், யார் எதற்காக ஊருக்குப் போகிறார்கள் என்ற கதை மட்டும் சாளரத்தின் வழியே வந்து விழுந்துகொண்டே இருக்கும். திருமணம், இழவு, மருத்துவம், நிலத் தகராறு, பிள்ளையின் படிப்பு, குலதெய்வத்தின் பொங்கல் என இவற்றுள் ஏதேனும் ஒன்றாக அக்கதை இருக்கும்.

சென்ற மாதம் ஒருவர் வந்தார். அவர் கதை இவற்றுள் எதிலும் சேரவில்லை. கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு கல்.

அவர் கொத்தனார். இராமநாதபுரத்துப் பக்கத்தவர், ஐம்பது வயது இருக்கும். இருபத்தைந்து ஆண்டுகளாக இத்தீவில் சுவர் எழுப்பி வருபவர். நாம் அவரை அண்ணே என்று அழைப்பது வழக்கம். சென்னையிலிருந்து சேலத்துக்கு ஓர் இடம் வேண்டும் என்றார். “சேலத்தில் நமக்கு யார் இருக்கிறார்கள், அண்ணே?” என்று கேட்டோம். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, உன்னிடம் சொன்னால் வெளியே போகாது. சிடியாதாப்புப் பக்கம் வேலை செய்தபோது கடலோரத்தில் இந்தக் கல் கிடைத்தது. தூக்கிப் பார். இரும்பு போல் இல்லையா? ஊரில் ஒருவரிடம் படம் எடுத்து அனுப்பினோம். இதில் தங்கத்தைவிட அரிய சரக்கு இருக்கிறதாம். சோதனைக்கும் அனுமதிக்கும் நாற்பதாயிரம் கட்டினால் போதும். மற்றதை அவர் பார்த்துக்கொள்வாராம்.”

ஒரு சிறு தாளையும் நீட்டினார். அதில் “பல்லாடியம் நிக்கல் ஆர்சனைடு” என்று எழுதியிருந்தது. நாற்பதாயிரத்துக்கு என்ன வழி என்று கேட்டோம். மதினியின் சங்கிலி என்றார். அச்சங்கிலி, மூத்த மகளைச் செவிலியர் படிப்பில் சேர்ப்பதற்காக வைத்திருந்தது என்பதை நாம் அறிவோம். பணம் கட்ட வேண்டிய நாளும் அடுத்த மாதமே.

நாம் பத்தாம் வகுப்புத் தேறியவர், விஞ்ஞானி அல்லர். ஆதலின் அன்றைக்கு இடத்தைப் பதிவு செய்து கொடுத்துவிட்டு, “கப்பலுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அந்தத் தாளை மட்டும் எம்மிடம் விட்டுச் செல்லுங்கள்” என்றோம். அப்பத்து நாளில் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இம்மாதம் நேயர்களுக்குச் சொல்லப் புகுகிறோம். இத்தகைய தாள் வேறு எவர் வீட்டுக்கும் வந்திருக்கலாம் அன்றோ?

முதலில், தாளில் கண்ட பெயர் பொய்யன்று. பல்லாடியமும் நிக்கலும் ஆர்சனிக்கும் கூடிய கனிமம் உலகில் உண்டு. அதற்கு மாயாகைட் என்று பெயர். ‘மாயாக்’ என்பது ருஷ்ய மொழியில் கலங்கரை விளக்கத்தைக் குறிக்கும் சொல். ருஷ்ய நாட்டின் வடகோடியில், நோரில்ஸ்க் நகரை அடுத்த தல்நாஹ் என்னுமிடத்தில் அப்பெயர் கொண்ட சுரங்கம் ஒன்று உள்ளது. அச்சுரங்கத்தின் தாதுவில் இக்கனிமம் கண்டறியப்பட்டு, 1976-ஆம் ஆண்டு புதிய கனிமமாக உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சுரங்கத்தின் பெயரே கல்லின் பெயராயிற்று.

அதன் அமைப்பு எளிது. பல்லாடிய அணு ஒன்று, நிக்கல் அணு ஒன்று, ஆர்சனிக் அணு ஒன்று என்ற விகிதம். அணுக்களின் எடையைக் கொண்டு கணக்கிட்டால், நூறு கிராம் மாயாகைட்டில் பல்லாடியம் 44 கிராமும், நிக்கல் 25 கிராமுக்குச் சற்றே குறைவாகவும், ஆர்சனிக் 31 கிராமும் இருக்கும். ஆனால் நூறு கிராம் மாயாகைட்டை ஒருங்கே எவரும் கையில் ஏந்தியதாக நாம் படித்ததில்லை. அது வேறு தாதுக்களுக்கிடையே நுண்ணிய மணிகளாகவே ஒளிந்திருக்கும். தாதுவை அறுத்து, மெருகேற்றி, உருப்பெருக்கியின் கீழ் வைத்தால்தான் வெண்சாம்பல் நிறப் பொட்டாகத் தென்படும். கடலோரத்தில் கால் இடறிக் கிடைக்கும் பொருள் அன்று.

இக்கனிமத்தின் மூன்று உறுப்புகளுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. மூன்றுமே ஏமாற்றத்தோடும் ஐயத்தோடும் தொடர்புடையவை என்பது வியப்பு.

நிக்கலை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனி நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள் முற்காலத்தில் செந்நிறம் கலந்த ஒரு கல்லைக் கண்டு, செம்பு கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து உலையில் இட்டார்கள். செம்பு வரவில்லை, நச்சுப் புகைதான் வந்தது. குட்டிச்சாத்தான் செம்பைத் திருடிக்கொண்டு கல்லை விட்டுச் சென்றுவிட்டான் என்று நொந்து, அக்கல்லைச் ‘செம்புச் சாத்தான்’ என்னும் பொருள்பட அழைத்தார்கள். 1751-இல் சுவீடன் நாட்டு கிரான்ஸ்டெட் என்பவர் அத்தகைய தாதுவிலிருந்து ஒரு புதிய உலோகத்தைப் பிரித்தெடுத்தார். சாத்தானைக் குறித்த சொல்லே அவ்வுலோகத்தின் பெயராக நிலைத்துவிட்டது. அச்செந்நிறக் கல் நிக்கலும் ஆர்சனிக்கும் கூடியது. மாயாகைட்டுக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

ஆர்சனிக் நம்மவர்க்குப் புதிதன்று. சித்த மருத்துவ நூல்களில் வரும் வெள்ளைப் பாஷாணமும், மஞ்சள் நிறத் தாளகமும், செந்நிற மனோசிலையும் ஆர்சனிக்கின் வடிவங்களே. ஆர்சனிக் கலந்த தாதுவை நெருப்பில் சுட்டால் பூண்டு நாற்றம் எழும். அவ்வாறு எழும் புகை கொடிய நஞ்சு. இதனை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு, பின்னர் வருவோம்.

பல்லாடியத்தின் கதையே மிகச் சுவையானது. இலண்டனில் உல்லாஸ்டன் என்னும் அறிஞர் 1802-இல் பிளாட்டினத் தாதுவை ஆராயுங்கால் இவ்வுலோகத்தைக் கண்டறிந்தார். அவ்வாண்டில் புதிதாக வானில் காணப்பட்ட பல்லாஸ் என்னும் சிறுகோளின் பெயரை அதற்குச் சூட்டினார். கண்டவர் தாமே என்று உடனே அறிவிக்கவில்லை. 1803-இல் பெயர் குறிப்பிடாத விளம்பரச் சீட்டு ஒன்றை அச்சிட்டு, ‘புதிய வெள்ளி’ என்று கடையொன்றில் விற்பனைக்கு வைத்தார். செனவிக்ஸ் என்ற வேதியியலார் இஃது ஏமாற்று என்று கருதி, கடையிலிருந்த சரக்கை வாங்கிச் சோதித்து, பிளாட்டினமும் பாதரசமும் கலந்த கலவையே இது என்று கட்டுரை படித்தார். உல்லாஸ்டன் சினங்கொள்ளவில்லை. அவ்வாறு எவரேனும் செயற்கையாக இதைச் செய்துகாட்டினால் இருபது பவுன் பரிசு என்று, அப்போதும் பெயர் மறைத்தே, அறிவித்தார். எவராலும் இயலவில்லை. 1805-இல்தான் தம்மை வெளிப்படுத்திக்கொண்டார்.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். அவர் பொருளைக் கொடுத்து, “சோதித்துப் பாருங்கள், பொய் என்று காட்டினால் பணம் தருகிறோம்” என்றார். தாளை அனுப்பியவரோ, “பணத்தைக் கொடுங்கள், நாமே சோதித்து மெய் என்று சொல்கிறோம்” என்கிறார். இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைக் காணக் கல்லூரிப் படிப்பு வேண்டுவதில்லை.

இனி, மாயாகைட் ஏன் அவ்வூரில் பிறந்தது என்பதைக் காண்போம். ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் சைபீரியப் பகுதியில் பூமி பிளந்து, அளவிறந்த எரிமலைக் குழம்பு வெளிப்பட்டது. அக்குழம்பில் கந்தகம் மிகுந்தபோது, மோரில் வெண்ணெய் திரள்வதுபோலக் கந்தகக் கூட்டுத் துளிகள் தனியே திரண்டன. நிக்கல், செம்பு, பல்லாடியம் ஆகியவை கல்குழம்பைவிட அத்துளிகளையே பெரிதும் நாடுபவை. துளிகள் கனத்தால் கீழே தங்கித் தாதுப்படுகை ஆயின. அப்படுகை மெல்ல ஆறும்போது இரும்பும் நிக்கலும் முதலில் உறைந்தன. எவற்றோடும் எளிதில் சேராத ஆர்சனிக், வெள்ளீயம், ஆன்டிமனி போன்றவை கடைசிச் சொட்டு நீர்மத்தில் எஞ்சி நின்றன. அங்கே எஞ்சியிருந்த பல்லாடியம் அவற்றோடு கைகோத்தது. பந்தி முடிந்தபின் எஞ்சியவர் ஒரே இலையில் உண்பதுபோல அமைந்த கூட்டமே மாயாகைட் முதலிய அருங்கனிமங்கள். அதே மூன்று தனிமங்கள் வேறொரு விகிதத்தில் கூடிய மென்ஷிகோவைட் என்ற மற்றொரு கனிமமும் பின்னர் ருஷ்ய நாட்டிலேயே கண்டறியப்பட்டது.

நோரில்ஸ்க் ஊரைப் பற்றிப் படிக்கப் படிக்க நமக்கு ஏனோ நம் தீவின் நினைவே வந்தது. அங்கே பனி, இங்கே மழை. அங்கே குளிர்காலத்தில் ஆறு வாரம் கதிரவன் எழுவதில்லை. இங்கே மாலை ஐந்தரைக்கே விளக்கேற்றுகிறோம். ஆயினும் ஒற்றுமை உண்டு. அவ்வூருக்கும் நாட்டின் இரயில் பாதை செல்வதில்லை. ஊருக்கும் துதின்கா என்னும் ஆற்றுத் துறைமுகத்துக்கும் இடையே 1930-களில் இட்ட பாதை ஒன்று உண்டு. அது எந்தப் பெரும்பாதையோடும் இணையவில்லை. வெளியூர் செல்ல வேண்டுமானால் கப்பல் அல்லது விமானம். அங்குள்ள இரயில்வே எழுத்தர் எவரையேனும் கண்டால் நாம் நெடுநேரம் பேசிக்கொண்டிருப்போம் என்று தோன்றுகிறது.

மற்றோர் ஒற்றுமை துயரமானது. நம் ஊரில் 1858-இல் கைதிகளைக் கொண்டு குடியேற்றம் தொடங்கியது. காடு திருத்தியவரும், 1896 முதல் 1906 வரை செல்லுலார் சிறையைக் கட்டியவரும் கைதிகளே. நோரில்ஸ்கிலும் 1935 முதல் 1956 வரை கைதிகள் முகாம் இருந்தது. அச்சுரங்கத் தொழிலுக்கும் உலைகளுக்கும் அடித்தளம் இட்டவர்கள் அவர்களே; பனியிலும் பசியிலும் மாண்டவர் பலர். தல்நாஹ் தாதுப்படுகை கண்டறியப்பட்டது அம்முகாம் மூடப்பட்டபின் 1960-இல். இன்று உலகில் தோண்டியெடுக்கும் பல்லாடியத்தில் பெரும்பங்கு அவ்வட்டாரத்திலிருந்தே வருகிறது. அதன் விலையையும் அவ்வூர் கொடுத்திருக்கிறது. உலைகளின் கந்தகப் புகையால் சூழவுள்ள காடுகள் பட்டுப்போயின. 2020 மே மாதம் எண்ணெய்த் தொட்டி உடைந்து ஏறத்தாழ 20,000 டன் டீசல் கசிந்து ஆறுகளில் கலந்தது.

பல்லாடியம் எதற்குப் பயன்படுகிறது என்று கேட்கலாம். பெட்ரோல் வண்டிகளின் புகைக்குழாயில் நச்சுப் புகையைத் தீங்கற்றதாக மாற்றும் கருவி ஒன்று உண்டு. அதனுள் மெல்லிய பூச்சாக இவ்வுலோகம் இருக்கிறது. உலகத்தின் பல்லாடியத்தில் பெரும்பகுதி அதற்கே செல்கிறது. தன் பருமனைப்போல் ஏறத்தாழ 900 மடங்கு ஹைட்ரஜன் வாயுவை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் விந்தையும் இதற்கு உண்டு. 2022 மார்ச் மாதத்தில் இதன் விலை அவுன்சுக்கு 3,000 டாலரையும் கடந்தது; பின்னர் வெகுவாக இறங்கிவிட்டது. விலை ஏறியபோது செய்தித்தாளில் பெயர் வந்தது. பெயர் வந்ததும் தரகர்களும் வந்தார்கள் போலும்.

இனி நம் தீவுக்கு வருவோம். கொத்தனார் அண்ணன் கண்டெடுத்த கல் என்னவாக இருக்கும்?

அந்தமான் தீவுகள் பிறந்த விதமே தனி. இந்திய நிலத்தட்டு வடகிழக்கே நகர்ந்து மற்றொரு தட்டின் கீழ் அழுந்தும் எல்லையில் நாம் குடியிருக்கிறோம். 2004 டிசம்பர் 26-இல் அந்த அழுத்தம் வெடித்ததை நேயர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அன்று இழந்தவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். அத்தட்டுகள் உராயுங்கால் பழைய கடலடித் தரையின் துண்டுகள் மேலே தள்ளப்பட்டு மலையாக நின்றன. சிடியாதாப்பிலும் அதற்கு எதிரேயுள்ள ரட்லண்டு தீவிலும் காணும் கரும்பச்சைப் பாறைகள் அத்தகையவை. ஏறக்குறைய ஒன்பதரைக் கோடி ஆண்டுகளுக்கு முந்திய கடலடி அவை. ஆழ்கடலின் அடித்தளத்தில் நாம் காலாற நடக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் மெய்சிலிர்க்கும்.

அப்பாறைகளுக்கிடையே கருநிறக் கனத்த குரோமைட் என்னும் தாது திட்டுத்திட்டாக உண்டு. குரோமைட்டில் பிளாட்டின இனத்து உலோகங்கள் நுண்ணளவில் கலந்திருப்பதும் உண்மையே. ஆயினும் இத்தகைய கடலடிக் குரோமைட்டில் பெரும்பாலும் காண்பவை ருத்தீனியம், ஆஸ்மியம், இரிடியம் ஆகியவற்றின் தூசினும் நுண்ணிய மணிகள். பல்லாடியம் இங்கே மிகக் குறைவு. அது கந்தகத் துளிகளின் தோழன் என்று மேலே சொன்னோம்.

தமிழ்நாட்டிலும் இவ்வினத்துக்கு ஓர் இடம் உண்டு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி வட்டாரப் பாறையில் குரோமைட் பட்டைகளும் அவற்றில் பிளாட்டின இனத்தின் தடயங்களும் உள்ளன. அப்பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. ஆதலின், நிலவில் இறங்கும் கலத்தைச் சோதிக்க இஸ்ரோ நிறுவனம் அவ்வட்டாரத்துப் பாறையை அரைத்தே நிலவு மண்ணுக்கு ஒப்பான மண்ணை உருவாக்கியது. 2023 ஆகஸ்டு 23-இல் சந்திரயான்-3 இறங்கியபோது அக்கிராமத்தார் மகிழ்ந்ததில் வியப்பில்லை. தம் கல்லால் அவர்கள் கோடீசுவரர் ஆகவில்லை, நாட்டுக்குப் பயன்பட்டார்கள்.

இவ்வளவும் படித்துக்கொண்டு ஒரு ஞாயிறு மாலை அண்ணன் வீட்டுக்குச் சென்றோம். மதினி தேநீர் கொடுத்தார், முகத்தில் தெளிவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் இளைய மகன் ஆர்வத்தோடு ஓடிவந்து, “சித்தப்பா, கல்லை அடுப்பில் சுட்டால் பல்லாடியம் உருகி வருமா? நாளைக்குச் செய்து பார்க்கலாம் என்று இருக்கிறேன்” என்றான். நமக்குப் பகீரென்றது. பல்லாடியம் உருக 1,555 பாகை வெப்பம் வேண்டும். சமையல் அடுப்பால் ஆகாது. ஆனால் தாளில் எழுதியபடி கல்லில் ஆர்சனிக் இருக்குமானால், அதன் நஞ்சு புகையாக எழ அவ்வடுப்பே போதும். அறியாத கல்லை வீட்டில் சுடுவது கூடவே கூடாது என்று அவனிடம் உறுதி வாங்கிக்கொண்டோம். நேயர் இல்லத்துப் பிள்ளைகளுக்கும் இதுவே நம் வேண்டுகோள்.

தீங்கற்ற சோதனை இரண்டு செய்தோம். மீன் நிறுக்கும் தொங்கு தராசில் கல்லைக் கட்டி நிறுத்தோம், 860 கிராம். வாளி நீரில் முழுக மூழ்கவிட்டு நிறுத்தோம், 660 கிராம். குறைந்தது 200 கிராம். 860-ஐ 200-ஆல் வகுத்தால் 4.3. அதாவது, ஒத்த பருமனுள்ள நீரைப்போல் அக்கல் 4.3 மடங்கு கனம். சாதாரணக் கல் பெரும்பாலும் மூன்று மடங்குக்குள் நிற்கும். பல்லாடிய உலோகம் 12 மடங்கு; தங்கம் 19 மடங்கு. தூய குரோமைட் ஏறத்தாழ நாலரை மடங்கு. இரண்டாவதாக, அண்ணன் வைத்திருந்த தரையோட்டின் மெருகற்ற பின்புறத்தில் கல்லை உரசினோம். பழுப்பு நிறக் கோடு விழுந்தது. குரோமைட்டுக்குரிய கோடு அதுவே.

அண்ணன் எளிதில் இசையவில்லை. “உலோகமாக இல்லாவிட்டால் என்ன, தம்பி? உள்ளே கலந்திருக்கலாம் அல்லவா?” என்றார். நியாயமான கேள்வி. அதற்கும் கணக்கிட்டோம். உலகப் புகழ் பெற்ற படுகைகளிலேயே ஒரு டன் தாதுவுக்குச் சில கிராம் என்ற அளவில்தான் இவ்வுலோகங்கள் கிடைக்கின்றன. தாராளமாகப் பத்து கிராம் என்றே கொள்வோம். ஒரு டன் என்பது பத்து இலட்சம் கிராம். 860 கிராம் கல்லில் இருக்கக்கூடியது ஒரு கிராமில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டு மூன்று கடுகின் எடை என்று கொள்ளலாம். அதைப் பிரித்தெடுக்க ஓர் ஆலையே வேண்டும்.

கணக்கு முடிந்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. “நீ பத்தாவது படித்தவன். அவர் ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர். ஒருவன் முன்னேறினால் உங்களுக்குப் பொறுக்காது” என்று எழுந்து உள்ளே போய்விட்டார். நாம் தேநீரைக் கீழே வைத்தோம். மதினி மெல்ல, “நீங்கள் தவறாக எண்ணாதீர்கள் தம்பி. இருபத்தைந்து வருடம் மற்றவர் வீட்டுக்குச் சுவர் கட்டினவர். ஒரு நாளாவது தனக்கு ஒன்று வராதா என்று நினைக்கிறார்” என்றார்.

அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது. கடல் கடந்து வந்தவர் ஒவ்வொருவரும் அவ்வாறு நினைத்தவர்தாம். ஊரில் உள்ளவர்களுக்கு, “நாம் இங்கே வந்தது வீண் அன்று” என்று காட்டிக்கொள்ள ஒரு கல்லாவது கிடைக்காதா என்று ஏங்காத குடும்பம் எது? தரகர்கள் விலை பேசுவது அந்த ஏக்கத்துக்கே, கல்லுக்கு அன்று. தமிழ்நாட்டில் ‘இரிடியம் கலசம்’ என்று சொல்லி எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பைப் பறித்தவர்களைக் காவல்துறையினர் பல ஆண்டுகளாகப் பிடித்துவருவதைச் செய்தித்தாள்களில் காண்கிறோம். இரிடியமும் பிளாட்டின இனமே. பெயர் மாறினும் தந்திரம் ஒன்றே.

மறுநாள் நாம் மகனிடம் ஒன்று சொல்லி அனுப்பினோம். “தரகரிடம் அப்பாவை இப்படிக் கேட்கச் சொல்: முன்பணம் இல்லை, கல்லை விற்ற பிறகு விலையில் நாற்பதாயிரத்துக்குப் பதிலாக எண்பதாயிரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இசைந்தால் வருகிறோம்.” கோடிக்கணக்கில் மதிப்புள்ள கல் என்று மெய்யாகவே நம்புகிறவர் இதற்கு ஏன் இசையமாட்டார்?

சட்டத்தையும் எடுத்துச் சொன்னோம். கனிமங்களுக்கென்று 1957-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. உரிமம் பெறாமல் தோண்டுவதும் விற்பதும் குற்றம். 2023-இல் நடுவண் அரசு வெளியிட்ட முப்பது முக்கியக் கனிமங்களின் பட்டியலில் நிக்கலும் பிளாட்டின இனமும் உள்ளன. ஐயம் இருப்பின் கல்லை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினரிடம் காட்டி வழி கேட்பதே முறை. சங்கிலியை விற்பது முறையன்று. மேலும், நம் தீவின் கரையும் காடும் அரியவை. ஒருவர் கையில் கல் இருக்கிறது என்ற பேச்சு பரவினால், நூறு பேர் கடப்பாரையோடு கிளம்புவர். நோரில்ஸ்க் காடுகளின் கதையை மேலே சொன்னோம்.

கப்பல் புறப்படும் நாளுக்கு முந்திய நாள் அண்ணன் நம் சாளரத்துக்கு வந்தார். வரிசையில் நின்றே வந்தார். சேலத்து இடத்தை நீக்கித் தரச் சொன்னார். காரணம் ஒன்றும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. நீக்கியதற்குரிய பிடித்தம் போக மீதியை எண்ணிக் கொடுத்தோம். போகும்போது திரும்பி நின்று, “எண்பதாயிரம் என்று சொன்ன பிறகு அந்த ஆள் ஃபோனையே எடுக்கவில்லை, தம்பி” என்றார்.

சங்கிலி மீண்டும் பெட்டிக்குள் இருக்கிறது. அடுத்த மாதம் அது மகளின் கல்லூரிக் கட்டணமாக மாறும். அதுவே அதற்குரிய இடம். கல்லை மட்டும் அண்ணன் எவரிடமும் கொடுக்கவில்லை. சுவரோரத்துப் பலகையில் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். மகன் ஒரு சீட்டில் ‘குரோமைட், சிடியாதாப்பு, ஒன்பதரைக் கோடி ஆண்டு’ என்று எழுதி அதன்மேல் ஒட்டியிருக்கிறான். வீட்டுக்கு வருபவர்களுக்கு அதன் வரலாற்றை எடுத்துரைப்பவரும் அண்ணனே. கடலின் அடியிலிருந்து வந்தது என்று அவர் சொல்லும்போது குரலில் பெருமிதம் இல்லாமல் இல்லை. அப்பெருமிதத்தில் தவறும் இல்லை. கல்லின் வயது மெய்யன்றோ?

நேயர்களே, கலங்கரை விளக்கம் கப்பலை அழைப்பதற்காக மட்டும் எரிவதன்று. பாறை இருக்குமிடத்தைக் காட்டி விலக்குவதற்காகவும் எரிவது. மாயாகைட்டின் பெயர் நமக்கு அவ்வாறு பயன்படட்டும். உங்கள் கைக்கும் இத்தகைய தாள் வந்தால், பணம் கொடுக்குமுன் சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்; அல்லது நம் சாளரத்துக்கு வந்து சொல்லுங்கள். விஞ்ஞானம் நமக்கு முழுமையும் தெரியாது. எனினும், படித்துச் சொல்லப் பத்து நாள் அவகாசம் கொடுத்தால் போதும்.